இன்னும் பத்து நாள் மரத்தில் விடுங்கள்: மாம்பழ வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துக் காய் இறக்கும் உங்களுக்கும், அந்தக் காயை மண்டியில் வாங்கிப் பழமாக்கி விற்கும் உங்களுக்கும் இந்த மடல்.

சித்திரை முதல் நாள் விடிகாலையை நினைத்துப் பாருங்கள். கொங்கு நாட்டிலும் தென்மாவட்டங்கள் பலவற்றிலும் அன்று கனி காணும் வழக்கம் இருக்கிறது. முதல் நாள் இரவே கண்ணாடிக்கு முன்னால் தட்டு வைத்து, வெற்றிலை பாக்கு, பூ, நகை, நாணயத்தோடு மா, பலா, வாழை மூன்றையும் அடுக்கிவிடுகிறார்கள். கண் விழித்ததும் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தட்டைத்தான். அதில் இருக்கும் மாம்பழம் உங்கள் கையிலிருந்து போனது. தோல் முழுக்க ஒரே மஞ்சள், ஒரு புள்ளி இல்லை, பார்க்க அத்தனை அழகு. மறுநாள் பிள்ளைகளுக்கு அரிந்து கொடுக்க உட்காரும்போதுதான் கத்தி இறங்காமல் நிற்கிறது. தோலை ஒட்டிய சதையில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஏறியிருக்கிறது. கொட்டையைச் சுற்றி வெள்ளை. வாயில் வைத்தால் புளிப்பு, கூடவே துவர்ப்பு. இரண்டு நாள் போனால் கனிந்துவிடும் என்று எடுத்து வைத்தால் அது கனியாமலே தோல் சுருங்கி, காம்படியில் கறுத்து, அழுகிப் போகிறது.

'கல் வைத்த பழம்' என்று சொல்லித் தூக்கி எறிகிறார்கள். அடுத்த வாரம் உங்களிடம்தான் மறுபடியும் வருகிறார்கள், வேறு வழியில்லாமல்.

கார்பைடு கல்லின் கெடுதலைப் பற்றி உங்களுக்கு ஆண்டுதோறும் சொல்லப்படுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அதிகாரிகள் கிடங்குகளுக்கு வருவதும், டன் கணக்கில் பழத்தை எடுத்துப் போய் அழிப்பதும், மறுநாள் நாளிதழில் படம் வருவதும் பழகிப்போன காட்சிகள். அதையே திரும்பச் சொல்வதற்கு இந்த மடல் தேவையில்லை. இது சொல்ல வருவது இன்னொன்று. முற்றாத காயைக் கல் பழுக்க வைப்பதில்லை, தோலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. அதைவிட முக்கியமானது, கல்லை விட்டுவிட்டுச் சட்டம் அனுமதிக்கும் வாயுவைப் பயன்படுத்தினாலும் முற்றாத காய் கனியாது. குறை பழுக்க வைக்கும் முறையில் தொடங்குவதில்லை, பறிக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள மாங்காயின் சதைக்குள் இருக்கும் சுவர்களைப் பார்க்க வேண்டும். உங்கள் தொழிலின் மூலப்பொருளே அந்தச் சுவர்கள்தான். அவற்றைப் பற்றி உங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசியதில்லை.

மாங்காயின் சதை கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளால் ஆனது. செல் என்று பள்ளியில் படித்தது இந்த அறையைத்தான். ஒவ்வொரு அறையையும் சுற்றி ஒரு சுவர் உண்டு. நம் வீட்டுக் கான்கிரீட்டில் கம்பி இருப்பதைப்போல அந்தச் சுவரில் செல்லுலோஸ் என்னும் இழைகள் ஓடுகின்றன. இழைகளுக்கு நடுவே கட்டுக்கயிறு போல வேறு சில சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிக்கிடக்கின்றன. இவற்றையெல்லாம் பிடித்து வைக்கும் சாந்துதான் பெக்டின். ஒரு அறையின் சுவருக்கும் பக்கத்து அறையின் சுவருக்கும் நடுவே பூசியிருக்கும் ஒட்டுப் படலமும் பெரும்பாலும் பெக்டினே. பிரான்சின் வேதியியலாளர் ஆன்றி பிராகோனோ 1825-இல் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். உறைவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. ஜாம் உறைவது இதனால்தான். கொய்யா ஜெல்லி காய்ச்சுகிறவர்கள் செங்காய்ப் பருவத்துக் கொய்யாவைத் தேடுவதற்கும், அளிந்த கொய்யாவில் ஜெல்லி உறையாமல் போவதற்கும் காரணம், பழுக்கப் பழுக்க இந்தச் சாந்து துண்டு துண்டாகிவிடுவதுதான்.

இந்தச் சாந்து இறுகுவதற்குக் கால்சியம் வேண்டும். பெக்டின் சங்கிலிகள் இரண்டு அருகருகே வரும்போது நடுவே கால்சியம் புகுந்து இரண்டையும் பூட்டுகிறது. உங்கள் ஊரில் பழைய வீடுகளைக் கட்டியது சுண்ணாம்புச் சாந்தால். மாங்காயின் சுவரை இறுக்குவதும் அதே சுண்ணாம்புச் சத்துதான். ஆக்ராவில் பேட்டா செய்கிறவர்கள் வெண்பூசணித் துண்டுகளைப் பாகில் போடுவதற்கு முன் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். எத்தனை நேரம் கொதித்தாலும் துண்டு குழையாமல் நிற்பதற்கு அந்தக் கால்சியம் காரணம்.

இனி மரத்தில் நடப்பதைக் கவனியுங்கள்.

பூவிலிருந்து பிஞ்சு இறங்கியதும் முதல் சில வாரங்கள் செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து எண்ணிக்கையில் பெருகுகின்றன. அதன்பின் பிரிவது குறைந்து, இருக்கும் செல்கள் ஒவ்வொன்றும் பெருக்கத் தொடங்குகின்றன. மாவடு மாங்காயாவது பெரும்பாலும் இந்தப் பெருக்கத்தால்தான். தக்காளியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பெருத்த செல்கள் சில அரை மில்லிமீட்டரையும் தாண்டிவிடும். ஒரு செல் பெருக்க வேண்டுமென்றால் அதன் சுவர் விரிந்து கொடுக்க வேண்டும். உள்ளிருக்கும் நீர், டியூபுக்குள் அடைத்த காற்றைப்போலச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் இறுகியே நின்றால் காய் வளராது, ஒரேயடியாக இளகினால் செல் வெடித்துவிடும். ஆகவே கட்டுகளை அங்கங்கே கொஞ்சம் நெகிழ்த்தி, சுவரை நீள விட்டு, நீண்ட இடத்தில் புதுச் செல்லுலோசும் புதுப் பெக்டினும் பூசி மறுபடி இறுக்குகிறது செல். குடியிருந்துகொண்டே வீட்டைப் பெரிதாக்குவது போன்ற வேலை இது. நெகிழ்த்தும் புரதத்தை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சைமன் மெக்வீன்-மேசனும் டேனியல் காஸ்குரோவும் வெள்ளரி நாற்றுகளில் கண்டுபிடித்து 1992-இல் வெளியிட்டார்கள். எக்ஸ்பான்சின் என்று பெயரிட்டார்கள். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுக்கும்போது இது திரும்ப வரும்.

வளர்ந்து முடிந்த காய் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். அளவு பெரிதாக மாறவில்லை, நிறம் மாறவில்லை, விலையோ இன்று நன்றாக இருக்கிறது, ஏன் காத்திருக்க வேண்டும்? நீங்கள் திருடிக்கொள்ளும் நாட்கள் இவைதான். கடுமையான சொல்தான், ஆனால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அந்தக் கடைசி வாரங்களில் கொட்டை முற்றுகிறது, சதையில் மாவுச்சத்து சேர்கிறது. பின்னால் சர்க்கரையாக மாறப் போவது அந்த மாவுச்சத்துதான். தோலின் மேல் மெழுகு படிந்து நீர் வெளியேறாமல் காக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழுக்கச் சொல்லி ஒரு சைகை வந்தால் அதைக் கேட்டு வேலையில் இறங்கும் தகுதி அப்போதுதான் சதைக்கு வருகிறது.

அந்தச் சைகை எத்திலீன் வாயு. மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, கொய்யா, தக்காளி போன்றவை பறித்த பிறகும் தாமே எத்திலீனை உண்டாக்கிப் பழுக்கக்கூடியவை. திராட்சை, ஆரஞ்சு, மாதுளை போன்றவை அப்படியல்ல, பறித்தபோது இருந்த இனிப்புதான் கடைசிவரை. ஆப்பிள்கள் பழுக்கும்போது வெளிவிடுவது எத்திலீன்தான் என்று 1934-இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் மெய்ப்பித்தார். அவர் பெயரைக் கேள்விப்படாத உங்கள் பாட்டிகள் மாங்காயை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். உங்கள் தாத்தாக்கள் வைக்கோலில் மூடி வைத்தார்கள். காய் விடும் வாயு வெளியே போகாமல் காயையே சுற்றி நிற்கச் செய்த வேலை அது. அந்தப் பானையில் முற்றிய காய்தான் பழுத்தது. பிஞ்சைப் போட்டால் வெம்பித்தான் போனது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தார்கள். வெம்பல் என்று நம் மொழியில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது.

எத்திலீன் வந்ததும் முற்றிய காய்க்குள் நடப்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களிடம் கேட்கப் போவது முழுக்க அதைச் சார்ந்து நிற்கிறது.

காய் தன் சுவர்களைத் தானே அவிழ்க்கத் தொடங்குகிறது. கடப்பாரையால் இடிப்பதைப்போல அது நடப்பதில்லை. கட்டிய கொத்தனாரே வந்து, எந்தக் கல்லை எப்போது உருவ வேண்டும் என்று தெரிந்து, வரிசையாகப் பிரிப்பது போன்றது. பெக்டின் சங்கிலியின் மேல் மூடிகள் போல ஒட்டியிருக்கும் மீத்தைல் குழுக்களை ஒரு நொதி கழற்றுகிறது. மூடி கழன்ற இடத்தில் வேறு இரண்டு நொதிகள் சங்கிலியை வெட்டுகின்றன. இன்னொன்று பக்கவாட்டுக் கிளைகளைக் கழிக்கிறது. வளர்ச்சியின்போது சுவரை நெகிழ்த்திய எக்ஸ்பான்சினின் உறவுக்காரப் புரதம் ஒன்று திரும்ப வந்து, இழைகளின் பிடியைத் தளர்த்துகிறது. சுவர் நீரை இழுத்து ஊதுகிறது. ஒட்டுப் படலம் கரைந்து, செல்கள் ஒன்றையொன்று விட்டு வழுக்குகின்றன. அதே வேளையில் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, புளிப்பு இறங்குகிறது, மணம் கட்டுகிறது. மாம்பழத்தில் இந்த வேலை கொட்டைப் பக்கத்திலிருந்து தொடங்கித் தோலை நோக்கி வருகிறது. ஒழுங்காகப் பழுத்த பழத்தை அரிந்தால் கொட்டையைச் சுற்றித்தான் நிறம் அடர்ந்திருக்கும். சித்திரைத் தட்டுப் பழம் இதற்கு நேர்மாறாக இருந்ததே, அதிலிருந்தே அதன் கதை விளங்குகிறது.

கனிதல் என்ற சொல்லைத் தமிழர்கள் மென்மைக்கு வைத்தார்கள். மஞ்சள் ஆவதற்கு அந்தச் சொல் இல்லை.

இத்தனை நொதிகள் இத்தனை ஒழுங்கோடு வேலை செய்ய வேண்டும் என்பதை உலகம் செலவழித்துத்தான் கற்றுக்கொண்டது. தக்காளியில் பாலிகேலக்டுரோனேஸ் என்ற நொதி பழுக்கும்போது ஏராளமாகச் சுரக்கிறது. பெக்டினை வெட்டும் நொதி அது. அதை அடக்கிவிட்டால் தக்காளி குழையாது என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1988-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் டொனால்ட் கிரியர்சன் குழுவினர் அந்த நொதிக்கான மரபணுவை அடக்கிக் காட்டினார்கள். கலிபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் அதே வழியில் ஃபிளேவர் சேவர் என்ற தக்காளியை உருவாக்கியது. 1994 மே மாதம் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்து, மரபணு மாற்றிய முழு உணவுப் பொருளாகக் கடைக்கு வந்த முதல் பண்டம் அதுவே. பச்சைக் காயாகப் பறிக்காமல் கொடியிலேயே பழுக்கவிடலாம், ருசியும் இருக்கும், லாரியிலும் நசுங்காது என்பது கணக்கு. கணக்கு பொய்த்தது. நொதியை ஏறக்குறைய முழுதாக அடக்கிய பிறகும் தக்காளி குழைந்தது. சில ஆண்டுகளில் அது சந்தையிலிருந்து மறைந்தது.

ஏன் குழைந்தது? ஒரு கொத்தனாரை நிறுத்தினால் மற்றவர்கள் வேலையை முடித்துவிடுகிறார்கள். 2016-இல்தான் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் சீமோர் குழு, பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை அடக்கினால் நிறமும் மணமும் கெடாமல் தக்காளி உறுதியாக நிற்கிறது என்று காட்டியது. இடையில் 2010-இல் புதுதில்லியின் தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் அசிஸ் தத்தாவும் அவருடைய சகாக்களும், சுவரில் உள்ள சர்க்கரை ஒட்டிய புரதங்களைச் சிதைக்கும் இரு நொதிகளை அடக்கித் தக்காளியின் ஆயுளைச் சுமார் 30 நாள் நீட்டினார்கள். மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் அல்போன்சா மாம்பழத்தின் சுவரைக் கரைக்கும் நொதிகளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கும் ஒன்றல்ல, பல.

இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் ஒற்றைச் சாவி கிடைக்காத பூட்டை நீங்கள் ஒரு பொட்டலம் கல்லால் திறக்கப் பார்க்கிறீர்கள்.

கல்லில் ஈரம் படும்போது அசிட்டிலீன் வாயு கிளம்புகிறது. அதன் உருவம் எத்திலீனைப் போல இருப்பதால் காய் ஏமாந்துபோகிறது. எத்திலீனைவிட வெகுவாக வலுக்குறைந்தது என்பதால் அதிக அளவு வேண்டியிருக்கிறது. கூடவே வெப்பமும் எழுகிறது. தோலின் பச்சை கரைய இவை போதும். உள்ளே முற்றாத சதைக்கோ வாயு சொல்வது புரிவதில்லை. சுவரை அவிழ்க்கும் நொதிகளைச் செய்ய அது இன்னும் தயாராகவில்லை, சர்க்கரையாக்க மாவுச்சத்தும் போதுமான அளவு சேரவில்லை. அதனால் தோல் பழமாகிறது, சதை காயாகவே நிற்கிறது. தக்காளி வணிகத்தில் இதை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். பச்சைத் தக்காளியைக் கூரான கத்தியால் குறுக்கே வெட்டும்போது விதைகள் கூழில் வழுக்கிக் கத்திக்குத் தப்பினால் அது முற்றிய பச்சை, எத்திலீன் வைத்தால் பழுக்கும். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டால் அது முற்றவில்லை, வைத்தும் சரியாகப் பழுக்காது. விதை தயாரான பிறகுதான் பழம் தயாராகும். விலங்கும் பறவையும் தின்று விதையைக் கொண்டுபோக வேண்டும் என்பதற்காகவே செடி பழத்தைக் கனிய வைக்கிறது. விதை முற்றுமுன் கனிந்தால் அதற்கு நட்டம்தானே? தோப்பில் அணில் கடித்துப் போட்ட பழம் இனிப்பதைச் சிறு வயதில் நீங்களும் ருசித்திருப்பீர்கள். அணில் பெரும்பாலும் முற்றாததில் வாய் வைப்பதில்லை.

கல்லின் நஞ்சைப் பற்றி ஒரே ஒரு பத்தி மட்டும். தொழிற்சாலைக்கென்று செய்த கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இதைக் கொண்டு பழுக்க வைத்த பழத்தை விற்பதையே தடை செய்திருக்கின்றன. வாங்குகிறவரைவிட முன்னால் பாதிக்கப்படுவது உங்களிடம் கூலிக்கு வேலை செய்கிறவர்தான். வெறுங்கையால் பொட்டலம் கட்டி, காற்றோட்டமில்லாத அறையில் பெட்டிகளுக்கிடையே செருகி, எளிதில் தீப்பற்றும் வாயுவுக்கு நடுவே நிற்கிறவர் அவர். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

உங்கள் தரப்பு நியாயங்கள் இந்த மடலுக்குத் தெரியாதவை அல்ல. பூ பூப்பதற்கு முன்பே தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறீர்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. கோடை மழையோடு வரும் ஒரு சூறைக்காற்று ஒரே இரவில் பாதிக் காயை உதிர்த்துவிடும். பழ ஈ துளைத்தால் மீதியும் போகும். பருவத்தின் தொடக்கத்தில் நல்ல விலை, எல்லாத் தோப்பும் ஒன்றாக இறங்கும்போது விலை சரிவு. பங்குனிக் கடைசியில் இறக்கும் ஒரு லாரிக்குக் கிடைப்பது ஆனியில் கிடைக்காது. இவை பொய்யில்லை. குழையாத பழத்தைத்தான் வெளியூர்க் கடைக்காரர் கேட்கிறார் என்பதும் பொய்யில்லை. இந்தச் சுமையையெல்லாம் நீங்கள் மட்டுமே சுமக்கிறீர்கள் என்பதும் நியாயமில்லை.

ஆனாலும் கணக்கை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். முற்றாத காயின் தோலில் மெழுகு முழுதாகப் படிந்திருக்காது, அதனால் நீர் வேகமாகப் போய்ச் சுருங்குகிறது. எடைக்கு விற்கும் பண்டத்தில் போகும் நீரெல்லாம் உங்கள் பணம். மரத்தில் இருந்திருந்தால் ஏறியிருக்கும் எடையையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். லூதியானாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அறுவடைப் பின்நுட்ப நிலையம் 2015-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வில், அறுவடை முதல் கடை வரையில் மாம்பழத்தில் ஏறக்குறைய 9 விழுக்காடும், கொய்யாவில் ஏறக்குறைய 16 விழுக்காடும் வீணாவதாகக் கணக்கிட்டிருக்கிறது. வாங்கிப் போனவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் விழும் வெம்பல் பழம் அந்தக் கணக்கில் இல்லை. ஏப்ரலில் ஒருமுறை ஏமாந்த குடும்பம், மே மாதம் நல்ல பழம் வரும்போதும் தயங்கி நிற்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

குளிர்ப்பதனக் கிடங்கு வைத்திருக்கும் உங்களில் சிலருக்குத் தனியாக ஒன்று. பீச் பழத்தைப் பழுக்குமுன் நெடுநாள் குளிரில் வைத்தால், மூடி கழற்றும் நொதி வேலை செய்கிறது, வெட்டும் நொதி முடங்குகிறது. பெக்டின் பாதி வழியில் நின்று, சாற்றை உறிஞ்சிக் கட்டியாகிவிடுகிறது. வெளியே எடுத்துப் பழுக்க வைத்தாலும் சதை பஞ்சை மெல்வது போல வறண்டிருக்கும். மாவிலும் பெரும்பாலான ரகங்கள் 12, 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே தாங்குவதில்லை. தோல் புள்ளி விழுந்து, பழுக்கும் ஒழுங்கே குலைந்துவிடும். காயாக இருப்பதைக் குளிரில் தள்ளி விலைக்காகக் காத்திருப்பதும், காயாக இருப்பதைக் கல்லோடு மூடுவதும் ஒரே தவற்றின் இரண்டு முனைகள்.

கேட்க வந்ததைக் கேட்டுவிடலாம்.

முதல் வேண்டுகோள், முற்றாமல் காய் இறக்காதீர்கள். முற்றியதை அறியும் வழியை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காம்பின் இரு பக்கத் தோள்களும் காம்பைத் தாண்டி எழும்பியிருக்கும். தோலின் கரும்பச்சை வெளிறி, மேலே சாம்பல் பூத்திருக்கும். மாதிரிக்கு ஒரு காயை அறுத்தால் கொட்டையை ஒட்டிய சதை வெள்ளையிலிருந்து இளமஞ்சளுக்கு மாறத் தொடங்கியிருக்கும். மரத்தில் ஒன்றிரண்டு தானாகவே பழுத்து விழுந்திருக்கும். இவற்றில் எதுவும் தென்படாத தோப்பில் வலை கட்டிய துரட்டியைத் தூக்காதீர்கள். ஒரே மரத்தில் எல்லாம் ஒன்றாக முற்றுவதில்லை என்பதால் இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். கூலி கொஞ்சம் கூடும், கழிவு அதைவிடக் குறையும். பிஞ்சும் இளங்காயும் காற்றில் விழுந்துவிட்டால் அவற்றைப் பழமாக்கப் பார்க்காமல் ஊறுகாய்க்குக் கொடுங்கள். மாவடுவுக்கும் ஆவக்காய்க்கும் வேண்டியது அந்த அவிழாத சுவர்தான். உப்பிலும் காரத்திலும் மாதக்கணக்கில் கிடந்தும் நறுக்கென்று கடிபடுவது அந்தச் சுவரின் புண்ணியம்.

இரண்டாவது, கல்லை அடியோடு விடுங்கள். 2016-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த வழிவிட்டிருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் பார்த்து, காற்றை மாற்றி, ஒரு நாள் அளவில் முடித்துவிடும் வேலை அது. வாயு அறை கட்ட வசதியில்லாத சிறிய மண்டிக்காரர்கள் பலர் சேர்ந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பொது அறை கேட்டு எழுதுங்கள். அந்தக் கோரிக்கையில் வாங்குகிறவர்களும் உங்களோடு கையெழுத்திடத் தயார். அதுவரைக்கும் முற்றிய காய்க்கு வைக்கோலும் மூடிய அறையும் போதும், சில நாள் கூடுதலாக ஆகும் அவ்வளவுதான். எத்திலீன் விடும் மருந்துக் கரைசலில் பழத்தை நேராக முக்கி எடுக்கும் பழக்கம் உங்களில் சிலரிடம் இருக்கிறது. ஆணையம் அதை அனுமதிக்கவில்லை. அதையும் நிறுத்துங்கள்.

மூன்றாவது, பெட்டியின் மேல் ரகத்தையும் காய் இறக்கிய தேதியையும் எழுதுங்கள். செந்தூராவா, பங்கனபள்ளியா, இமாம்பசந்தா, மல்கோவாவா, எந்த நாளில் மரத்திலிருந்து இறங்கியது என்பது தெரிந்தால் வாங்குகிறவர் தாமாகவே கணக்குப் போட்டுக்கொள்வார். இன்னும் பழுக்காத முற்றிய காயையே விற்றாலும் வாங்குவார்கள், வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கத் தெரியாத அம்மா தமிழ்நாட்டில் இல்லை. சித்திரைக் கனித் தட்டுக்கு மஞ்சள்தான் வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. முற்றிய பச்சைக் காய் ஒன்றைக் காம்போடு கொடுங்கள், வெற்றிலைக்குப் பக்கத்தில் அதுவும் அழகாகத்தான் இருக்கும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு வேலை. முற்றிய மாங்காய் நீரைவிடச் சற்றே கனமானது, தண்ணீரில் போட்டால் அமிழும். இளங்காய் மிதக்கும். ரகத்துக்கு ரகம் சிறு வேறுபாடு உண்டு, ஆனாலும் தோப்பிலிருந்து வந்த லாரியின் தராதரத்தை அரை மணி நேரத்தில் சொல்லிவிடும் சோதனை இது. வரும் பங்குனியில் முதல் லாரி உங்கள் மண்டி வாசலில் வந்து நிற்கும்போது ஒரு பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படி வெளியே வையுங்கள். பெட்டிக்கு நாலு காயை எடுத்து அதில் போடுங்கள். மிதப்பது பாதிக்கு மேல் இருந்தால் அந்த லாரியை ஊறுகாய்க்காரருக்கு அனுப்பிவிட்டு, தோப்புக்காரருக்குப் போன் செய்து மீதிக் காய் இன்னும் பத்து நாள் மரத்தில் இருக்கட்டும் என்று சொல்லுங்கள்.